நூல் சிக்காமல் இருக்க ஒரு வழி

தம்பி தங்கைகளே, ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு நண்பர்கள் எட்டுப் பேர் மைதானத்துக்கு வாருங்கள். வட்டமாக நின்றுகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் தனித்தனி நூலால் இணைய வேண்டும். எத்தனை நூல் தேவைப்படும்?

எட்டுப் பேர், ஆளுக்கு ஏழு நூல் என்றால் 56. ஆனால் ஒரு நூலுக்கு இரண்டு முனைகள் உண்டே! ஆகவே அதில் பாதி, 28. வட்டத்துக்குள் கால் வைக்கவே இடம் இருக்காது. ஒன்பதாவதாக ஒருத்தி ஓடிவந்து, "நானும் சேர்ந்துக்கிறேன்" என்றால் இன்னும் எட்டு நூல் கட்ட வேண்டும்.

இப்போது எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, அந்த ஒன்பதாம் தோழியை நடுவில் நிறுத்துங்கள். எட்டுப் பேரும் அவளோடு மட்டும் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். எட்டே நூல்! யாருக்குச் சேதி போக வேண்டுமானாலும் அவளிடம் சொல்லுங்கள், அவள் சேர்த்துவிடுவாள்.

இந்தச் சிக்கல் தொலைபேசிக்கும் வந்தது. 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நேராகக் கம்பி இழுத்துத்தான் பேசினார்கள். 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் காய் என்பவர், நடுவில் நின்ற தோழியைப் போல எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் ஒரு தொலைபேசி இணைப்பகத்தைத் திறந்தார். குதிரை வண்டிக்குப் போடும் திருகாணிகளையும் தேநீர்ச் சாடி மூடியின் கைப்பிடிகளையும் வைத்தே இணைப்புப் பலகையைச் செய்துவிட்டார்! அங்கே 21 சந்தாதாரர்கள் இருந்தார்கள். நேர்க்கம்பி இழுத்திருந்தால் 210 கம்பிகள் வேண்டும். சிலர் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டதால், இணைப்பகத்துக்கு 8 தடங்களே போதுமாக இருந்தன.

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே நூல் சிக்கல் உண்டு. ஒரு நூலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பட்டியலை ஒரு பகுதி பார்த்துக்கொள்ளும். புத்தக இருப்பை ஒன்று, அபராதக் கணக்கை ஒன்று, குறுஞ்செய்தி அனுப்புவதை ஒன்று. இவை ஒன்றையொன்று நேராகக் கூப்பிட்டால், குறுஞ்செய்திப் பகுதியில் ஒரு மாற்றம் செய்யும்போது மற்ற மூன்றையும் திருத்த வேண்டி வரலாம். அதனால் நடுவில் ஓர் இடையாளை வைக்கிறார்கள். அதன் பெயர் 'மீடியேட்டர்'. ஒவ்வொரு பகுதியும் தன் கோரிக்கையை அதனிடம் கொடுக்கும். எந்தக் கோரிக்கையை எந்தப் பகுதி கவனிக்கும் என்பது அதற்குத் தெரியும்.

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் என்ற நால்வர் 1994இல் 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார்கள். நிரலாளர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு 23 தீர்வு முறைகளை அதில் தொகுத்தார்கள். அவற்றுள் ஒன்றுதான் இந்த மீடியேட்டர்.

எல்லாக் கோரிக்கையும் ஒரே வாசல் வழியாக வருவதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. வாசலுக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே சோதனைச் சாவடிகளை வரிசையாக வைக்கலாம். இந்த வரிசைக்குப் 'பைப்லைன்' என்று பெயர்.

கவிதா ஒரு புத்தகம் கேட்கிறாள். முதல் சாவடி, கோரிக்கை வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது, அவளுடைய உறுப்பினர் அட்டை செல்லுமா என்று பார்க்கிறது. மூன்றாவது, அவளிடம் ஏற்கெனவே எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று எண்ணுகிறது. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் அந்தச் சாவடியே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். எல்லாம் சரி என்றால் கோரிக்கை, புத்தகம் தரும் பகுதிக்குப் போய்ச் சேரும். பதில் போன வழியே திரும்பி வரும். அப்போது முதல் சாவடி மறுபடி நேரத்தைப் பார்த்து, இந்த வேலைக்கு எவ்வளவு நேரமானது என்று கணக்கிட்டுவிடும்!

புத்தகம் எடுப்பது, திருப்பித் தருவது, தவணையை நீட்டிப்பது என்று ஒவ்வொரு வேலைக்குள்ளும் அட்டைச் சோதனையைத் தனித்தனியாக எழுத வேண்டாம். ஒரே இடத்தில் எழுதினால் போதும். பிழை இருந்தாலும் அங்கே மட்டும் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நடுவில் நிற்கும் தோழியிடமே அபராதக் கணக்கையும் போடச் சொல்லி, புத்தகத்தையும் தேடச் சொன்னால் என்ன ஆகும்? சிக்கு எல்லாம் அவள் தலைக்குள் போய்விடும். சேதியை உரிய இடத்தில் சேர்ப்பது மட்டுமே அவள் வேலையாக இருக்கட்டும். பேச வேண்டியவர்கள் இரண்டே பேர் என்றால் இடையாளே தேவையில்லை, நேராகப் பேசிக்கொள்ளலாம். எங்கே எது தேவை என்று யோசித்து முடிவெடுப்பதுதான் நல்ல நிரலாளரின் திறமை.

இனி உங்கள் முறை. கவிதாவின் கோரிக்கை கடந்த மூன்று சாவடிகளையும் மூன்று அட்டைகளில் எழுதி வரிசையாக வையுங்கள். நேரம் குறிக்கும் முதல் அட்டையைக் கடைசிக்கு மாற்றுங்கள். செல்லாத உறுப்பினர் அட்டையோடு வந்து பாதியில் திரும்பியவர்களைப் பற்றி நம்மிடம் குறிப்பு ஏதும் இருக்குமா? வரிசை மாறினால் வேறு என்னென்ன மாறும் என்று நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.