ஒரே தேர்வு, வெவ்வேறு அதிகாரம்: அமெரிக்க மாநிலங்களில் இயன்முறைச் சிகிச்சையாளர், உதவியாளர் உரிம விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயன்முறைச் சிகிச்சையாளரின் தகுதியை அளக்கும் தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றே. தொழில் செய்யும் உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநிலம். தகுதி பொதுவாயினும் அதிகாரம் மாநிலந்தோறும் வேறுபடுவதையும், அவ்வேறுபாடு நோயாளியையும் உதவியாளரையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் நியூயார்க், கலிஃபோர்னியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களின் விதிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உரிமம், சான்றளிப்பு, இயன்முறைச் சிகிச்சை, உதவியாளர், நேரடி அணுகல்.

முன்னுரை

தமிழ்நாட்டில் ‘இயன்முறை மருத்துவம்’ என்னும் சொல்லாட்சி பரவலாக உள்ளது. அமெரிக்கச் சட்டங்கள் இத்தொழிலரை மருத்துவரிடமிருந்து வேறுபடுத்தியே வரையறுக்கின்றன. ஆதலால் இங்கு ‘இயன்முறைச் சிகிச்சையாளர்’ என்ற சொல் ஆளப்படுகிறது. அவரது மேற்பார்வையில் பணியாற்றுபவர் ‘உதவியாளர்’ எனப்படுகிறார்.

மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்தும் அதிகாரம் அமெரிக்காவில் மாநிலங்களுக்குரியது. டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் (1889) நாட்டின் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. இதனால் இத்தொழிலுக்கென ஒரே தேசியச் சட்டம் உருவாகவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது.

உரிமமும் சான்றளிப்பும்

உரிமம் என்பது அரசு தரும் அனுமதி; அஃதின்றித் தொழில் செய்வது குற்றம். சான்றளிப்பு பொதுவாக ஒருவரின் கூடுதல் திறனை ஒரு தொழில்முறை அமைப்பு ஏற்பதைக் குறிக்கும். அமெரிக்க இயன்முறைச் சிகிச்சைச் சிறப்புத்துறை வாரியம் வழங்கும் சிறப்புச் சான்றிதழ் இவ்வகையினது. அதைப் பெறுவது அவரவர் விருப்பம். பெறாதவரும் உரிமத்தைக் கொண்டு தொழில் செய்யலாம்.

ஆனால் சட்டங்கள் இச்சொற்களை ஒரே சீராக ஆள்வதில்லை. கலிஃபோர்னியாவிலும் டெக்சாசிலும் உதவியாளர் பெறுவது ‘உரிமம்’. நியூயார்க் கல்விச் சட்டம் உதவியாளருக்குரியதைச் ‘சான்றளிப்பு’ என்கிறது. பெயர் அவ்வாறிருப்பினும் அது விருப்பத்தின்பாற்பட்டதன்று. உதவியாளராகப் பணியாற்ற அது கட்டாயமானது. எனவே ஓர் ஆவணத்தின் தன்மையை அதன் பெயரைக் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. அஃதின்றித் தொழில் செய்ய இயலுமா என்ற வினாவே அதனைத் தெளிவுபடுத்தும்.

பொதுவான நுழைவாயில்

இயன்முறைச் சிகிச்சைக் கல்வி ஏற்பளிப்பு ஆணையம் ஏற்ற பாடத்திட்டங்களில் சிகிச்சையாளருக்கான தொடக்கப் பட்டம் தொழில்முறை முனைவர் பட்டமாகும். உதவியாளருக்கு ஏறத்தாழ ஈராண்டு இணைநிலைப் பட்டம் போதுமானது. இருவருக்கும் தனித்தனித் தேசியத் தேர்வுகளை இயன்முறைச் சிகிச்சை மாநில வாரியங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. மதிப்பெண் 200 முதல் 800 வரையிலான அளவையில் தரப்படுகிறது. தேர்ச்சி மதிப்பெண் 600. பன்னிரண்டு மாதங்களில் 3 முறையும் வாழ்நாளில் 6 முறையும் மட்டுமே தேர்வெழுத இயலும்.

வெளிநாட்டில் பயின்றோரின் கல்வி, அமெரிக்கக் கல்விக்கு ஈடானதா என மதிப்பிடப்படும். தமிழ்நாட்டில் பயிற்சிக் காலம் உட்பட நான்கரை ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்றவரும் இம்மதிப்பீட்டைக் கடக்க வேண்டும். மதிப்பீட்டு நிறுவனம் அறிக்கை தரலாம். உரிமம் வழங்குவதா என்பதை முடிவுசெய்வது மாநில வாரியமே.

அதிகார எல்லையின் வேறுபாடு

தேர்ச்சிக்குப் பின்னரே மாநில வேறுபாடுகள் புலனாகின்றன. மருத்துவரின் பரிந்துரையின்றி நோயாளி சிகிச்சையாளரை நாடுவது ‘நேரடி அணுகல்’ எனப்படும். 1957இல் நெப்ராஸ்கா இதனை அனுமதித்தது. 2015 முதல் ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் இது நடைமுறையில் உள்ளது. ‘ஏதேனும் ஒரு வடிவில்’ என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

நியூயார்க்கில் பரிந்துரையின்றி 10 வருகைகள் அல்லது 30 நாள்கள், இவற்றுள் முந்தியது எதுவோ அதுவரை சிகிச்சை தரலாம். சிகிச்சையாளர் மூன்றாண்டு அனுபவம் உடையவராயிருத்தல் வேண்டும். கலிஃபோர்னியாவில் இவ்வெல்லை 12 வருகைகள் அல்லது 45 நாள்கள். அதற்கு மேல் சிகிச்சைத் திட்டத்திற்கு மருத்துவரின் ஒப்புதல் தேவை. டெக்சாசில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தொடர்ச்சியான 10 வேலைநாள்களாகவும், கூடுதல் தகுதி உடையோர்க்கு 15 வேலைநாள்களாகவும் வரையறுத்தது. முதுகுவலியின் இயல்போ சிகிச்சையாளரின் தேர்வு மதிப்பெண்ணோ மாநில எல்லையில் மாறுவதில்லை. அவர் தம் முடிவின்படி செயல்படக்கூடிய காலம் மட்டுமே மாறுகிறது. எனவே இவ்வெல்லைகளைத் திறனளவீட்டின் விளைவாகக் கொள்வது கடினம். இவை சட்டமன்றங்களில் எட்டப்பட்ட உடன்பாடுகள் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

உதவியாளரின் நிலை

உதவியாளர் தொடக்க மதிப்பீடு செய்வதோ சிகிச்சைத் திட்டம் வகுப்பதோ இல்லை. வகுக்கப்பட்ட திட்டத்தை மேற்பார்வையின்கீழ் நிறைவேற்றுகிறார். ஒரு சிகிச்சையாளர் ஒரே நேரத்தில் கலிஃபோர்னியாவில் 2 உதவியாளர்களை மட்டுமே மேற்பார்வையிடலாம். நியூயார்க்கில் 4 பேர் வரை மேற்பார்வையிடலாம். ஒரு மருத்துவமனை எத்தனை உதவியாளர்களைப் பணியமர்த்தலாம் என்பதை இவ்விகிதமும் தீர்மானிக்கிறது.

மாநிலச் சட்டத்தோடு கட்டண விதியும் இணைந்து செயல்படுகிறது. முதியோர்க்கான கூட்டாட்சிக் காப்பீடான மெடிகேர், உதவியாளர் வழங்கும் சிகிச்சைக்கு 2022 முதல் வழக்கமான தொகையில் 85 விழுக்காட்டையே அளிக்கிறது. மாநிலம் முழு அனுமதி தந்த பணிக்கும் கூட்டாட்சி அரசு குறைந்த விலை வைக்கிறது. இக்குறைப்பு உதவியாளரை அமர்த்தும் ஆர்வத்தைக் குறைக்கக்கூடியது.

வாரியங்களும் இடப்பெயர்வும்

உரிமத்தை நிருவகிக்கும் துறையும் வேறுபடுகிறது. நியூயார்க்கில் அது கல்வித்துறையின் பொறுப்பு. கலிஃபோர்னியாவில் நுகர்வோர் நலத்துறையின்கீழ் இயங்கும் வாரியத்தின் பொறுப்பு. தொழிலரே பெரும்பான்மையாக உள்ள வாரியம் பொதுமக்களைக் காக்கிறதா, தொழிலரின் சந்தையைக் காக்கிறதா என்ற வினா பழமையானது. 2015இல் வட கரோலினாப் பல் மருத்துவ வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம், சந்தையில் பங்குகொள்வோர் ஆதிக்கம் செலுத்தும் வாரியம் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற மாநிலத்தின் செயலூக்கமுள்ள மேற்பார்வை வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கருத்து இயன்முறைச் சிகிச்சை வாரியங்களுக்கும் பொருந்தும்.

மாநிலம்விட்டு மாநிலம் செல்வோரின் இடர் தீர்க்க உருவானது இயன்முறைச் சிகிச்சை உரிம உடன்படிக்கை. 2018 முதல், உறுப்பு மாநிலமொன்றின் உரிமம் உடையவர் பிற உறுப்பு மாநிலங்களில் பணியாற்றும் சலுகையைப் பெற முடிகிறது. எனினும் அவர் நோயாளி இருக்கும் மாநிலத்தின் சட்டத்திற்கே கட்டுப்பட்டவர். உடன்படிக்கை இடப்பெயர்வை எளிதாக்கியது. அதிகார எல்லையை ஒன்றாக்கவில்லை.

முடிவுரை

அமெரிக்க உரிம முறையைத் தகுதி, அதிகாரம், கட்டணம் என மூன்றாகப் பிரித்து நோக்குதல் இன்றியமையாதது. தகுதியைத் தேசியத் தேர்வும், அதிகாரத்தை மாநிலச் சட்டமும், கட்டணத்தைக் காப்பீட்டு விதியும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்று சீரானதைக் கொண்டு மற்றவையும் சீராயின எனக் கருதுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுத் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணித்துறை ஆணையச் சட்டம், தேசிய ஆணையத்துடன் மாநில மன்றங்களையும் கொண்ட அமைப்பை உருவாக்கியுள்ளது. பொதுத் தகுதியை வரையறுக்கும்போதே நோயாளியின் நேரடி அணுகலையும் உதவியாளரின் பணி எல்லையையும் தெளிவாக வரையறுக்காவிடில் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நடைமுறை தக்க சான்றாக அமைகிறது.