அடிக்காமல் விட்ட பந்துக்கும் கணக்கு உண்டு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நம் சங்க அன்பர்கள் பலர், "டி.வி.யைப் போட்டால் பேஸ்பால்தான், ஒன்றுமே புரியவில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கிரிக்கெட் தெரிந்த நமக்கு அது அப்படியொன்றும் புரியாத ஆட்டமல்ல. ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸுக்கு மூன்றே அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கும் சேர்த்து 27. ஆகவே அவுட் ஆகாமல் முதல் பேஸை அடைவதே பெரிய காரியம். பந்தை அடித்துவிட்டு ஓடியும் அடையலாம், அடிக்காமலும் அடையலாம். எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை மட்டை வீசாமல் விட்டுவிட்டால், ஆட்டக்காரர் நிதானமாக நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். இதற்கு 'வாக்' என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நடைக்கு நெடுங்காலம் மதிப்பே இல்லை. பேஸ்பால் புள்ளிவிவரங்களுக்கு அடித்தளம் போட்ட ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர். கிரிக்கெட் பற்றியும் எழுதியவர். கிரிக்கெட்டில் வைடு பந்தின் ரன் மட்டையாளர் கணக்கில் சேராதல்லவா? அதுபோல 'வாக்' என்பது பந்து எறிபவரின் பிழையே, ஆட்டக்காரரின் திறமை அல்ல என்பது அவர் கருத்து. 1887-ல் மட்டும் வாக்கையும் ஓர் அடியாகக் கணக்கிட்டார்கள்; மறு ஆண்டே கைவிட்டார்கள். வாக்கையும் சேர்த்துப் பார்க்கும் 'ஆன்-பேஸ்' விகிதம் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 1984-ல்தான். இதில் 0.400-ஐத் தாண்டினாலே மிகச் சிறந்த ஆட்டக்காரர்.

1923-ல் பேப் ரூத் 170 முறை நடந்தே போனார். அவர் விகிதம் 0.545. பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் 1941-ல் பெற்ற அடிகள் 185, வாக் 147, உடலில் பந்து பட்டது 3. ஆக 606 வாய்ப்புகளில் 335 முறை பேஸை அடைந்தார், விகிதம் 0.553. தம் நூலொன்றில் இவர், பந்து வரக்கூடிய பரப்பை 77 பந்துகளாகப் பிரித்து, எந்த இடத்தில் வந்தால் தம் சராசரி எவ்வளவு என்று படமே போட்டுக் காட்டினார். எதை அடிப்பது, எதை விடுவது என்பதில் அவ்வளவு தீர்மானம்!

சாதனையின் உச்சம் சான் பிரான்சிஸ்கோ அணியின் பேரி பாண்ட்ஸ். 2004-ல் 617 வாய்ப்புகளில் 376 முறை பேஸை அடைந்தார், விகிதம் 0.609. அடிகள் 135 மட்டுமே, வாக் 232! அவற்றில் 120, எதிரணியே பயந்துபோய் வேண்டுமென்றே கொடுத்தவை. 1998-ல் அரிசோனா அணி, பேஸ்கள் மூன்றிலும் ஆட்கள் நிற்கும்போது, ஒரு ரன் போனாலும் போகட்டும் என்று இவரை நடக்கவிட்டது. ஆட்டத்தையும் 8-7 என்று வென்றது! ஊக்கமருந்துச் சர்ச்சையின் நிழல் மட்டும் பாண்ட்ஸ் மீது இன்றும் படிந்திருக்கிறது.

என்னைக் கவர்ந்தது 2002-ன் ஓக்லண்ட் அணிதான். நியூயார்க் யாங்கீஸ் கொடுத்த சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அவர்களால் கொடுக்க முடிந்தது. ஆகவே, பிறர் மதிக்காத இந்த விகிதத்தைப் பார்த்து ஆள் எடுத்தார்கள். முழங்கை நரம்பு பழுதாகி, பந்தைச் சரியாக எறிய முடியாமல் போன ஸ்காட் ஹாட்டெபர்க் அப்படி வந்தவர்தான். பொறுமையாகப் பந்தை விடத் தெரிந்தவர். அந்த ஆண்டு அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. இருபதாவது வெற்றியைத் தேடித் தந்த ஹோம் ரன் இவர் அடித்ததே.

தண்டவாளப் பராமரிப்பிலேயே உத்தியோகக் காலத்தைக் கழித்தவன் நான். வெயிலோ மழையோ, தினமும் தண்டவாளத்தோடு நடந்து தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்கும் கீமேனை எனக்குத் தெரியும். ரயில் ஒழுங்காக ஓடிய நாளில் அவரை யாரும் நினைப்பதில்லை. அவர் செய்த வேலையைக் காட்டப் பதிவேட்டில் தனிக் கட்டம் கிடையாது. அமெரிக்கர்கள் நூறு ஆண்டு தாமதித்தாவது அப்படி ஒரு கட்டத்தைப் போட்டார்கள். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் போடாத கட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன.