மடிக்கணினி மயங்கி விழுந்தால்...

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பெரியபாளையத்தில் வேப்பிலைக்குத் தனி மரியாதை. வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு பவானி அம்மனை வலம் வர ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் அலைமோதும். பூ, வேப்பிலை, மண்பானை, மஞ்சள் குங்குமம் விற்கும் பெண்களுக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற காலம் அதுதான். வாங்கிய கடனையெல்லாம் அப்போதுதான் அடைப்பார்கள்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் மொத்தம் 14 பேர். நான்தான் ஊக்குநர். கணக்கு என் பொறுப்பு. முன்பெல்லாம் நீள நோட்டில் எழுதி வந்தேன். பெண் கல்லூரிப் படிப்பை முடித்ததும் அவளுடைய லேப்டாப் சும்மா கிடந்தது. அவளே சொல்லிக் கொடுக்க, கணக்கு முழுவதையும் அதில் ஏற்றிவிட்டேன். கூட்டல் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்கிறது. எனக்கு ஒரே பெருமை! அந்தப் பெருமையில் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகத்தில் எழுதுவதைக்கூட, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட ஆரம்பித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை. திங்களன்று குழுக் கூட்டம். கணக்கை அச்செடுக்க, பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து அதை லேப்டாப்பில் சொருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர்களைக் காணோம். அவற்றின் பெயரிலேயே, மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட படம் மட்டும் நிற்கிறது. அதை அமுக்கினேன். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். லேப்டாப் நத்தையாக ஊர ஆரம்பித்தது.

"அம்மா, இது வைரஸ்!" என்று அலறினாள் என் பெண்.

வைரஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. லேப்டாப்பை மூடி வைக்கலாம் என்று பார்த்தால், 'புதுப்பித்தல் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று திரையில் எழுதி வருகிறது. அதுவும் வைரஸ் வேலைதான் என்று நினைத்து, ஸ்விட்சை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை போட்டுப் பார்த்தால், கம்பெனியின் முத்திரை வருகிறது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, பிறகு ஒரே இருட்டு. திரும்பத் திரும்ப அதே கதைதான்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. பூக்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அந்த ஆடியில் மட்டும் 12,000 ரூபாய் கட்டியிருந்தாள். பாஸ் புத்தகத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

"இன்னாம்மா, உன் பொட்டி மறந்துட்டா நான் கட்டுன காசும் மறந்து பூடுமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பென்டிரைவில் ஒரு நகல் இருந்தது. அதுதான் அம்புக்குறியாக மாறி நிற்கிறதே!

ரிப்பேர் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரப் பையன் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சுடலாம்க்கா. 800 ரூபா, ரெண்டு மணி நேரத்துல ரெடி" என்றான்.

"உள்ளே இருக்கிற கணக்கு?"

"அது போயிடும்க்கா."

பையில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

மருமகன் செய்த வைத்தியம்

என் நாத்தனார் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். இரவு ஷிப்டு முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் நடந்ததையெல்லாம் ஒப்பித்ததும் சிரித்தான்.

"அத்தை, குழந்தைக்கு ஜுரம்னா எடுத்த எடுப்பில ஆபரேஷனா பண்ணுவீங்க? முதல்ல நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பிடிச்சுப் பார்க்கணும் இல்லையா?"

அவன் ஒவ்வொன்றாகச் செய்ததை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் ஒருநாள் உதவும்.

முதலில் பென்டிரைவ், மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டான். பிறகு ஸ்விட்சை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து விட்டு, சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டான். பல சமயம் இதிலேயே எழுந்துவிடுமாம். சொருகியிருக்கும் பென்டிரைவில் இருந்து கிளம்பப் பார்த்து, வழி தெரியாமல் நிற்கிற லேப்டாப்புகளும் உண்டாம்.

அடுத்தது, உடம்பில் கோளாறா, மனசில் கோளாறா என்று பார்ப்பது. விளக்கே எரியாவிட்டால் சார்ஜரையும் பேட்டரியையும் சந்தேகிக்க வேண்டும். விளக்கு எரிந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால், டார்ச் அடித்துப் பார்க்கலாம். மங்கலாக ஏதாவது தெரிந்தால் கோளாறு திரை விளக்கில்தான். கம்பெனி முத்திரை வந்து, அதற்குப் பிறகு நின்றால், உடம்பு பெரும்பாலும் திடமாக இருக்கிறது. விண்டோஸோ, அது குடியிருக்கும் டிஸ்க்கோதான் தகராறு செய்கிறது. எங்களுடையது இந்த ரகம்.

"இப்ப வைத்தியம் பண்ணலாமா?" என்றேன்.

"ம்ஹூம். முதல்ல நகையை வெளியே எடுக்கணும், அப்புறம்தான் வீட்டை ரிப்பேர் பண்ணணும்" என்றான்.

தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான். அதில் லினக்ஸ் இருந்தது. விண்டோஸைப் போல அதுவும் ஒரு இயங்குதளம்; காசு கொடுக்க வேண்டாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம்கூட 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. பென்டிரைவிலிருந்தே அது கிளம்பிவிடுவதால், மயங்கிக் கிடக்கும் விண்டோஸை எழுப்பாமலேயே டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்கலாம். ஐந்து நிமிஷத்தில் என் கணக்கு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தது. சகோதரிகளே, அழுதே விட்டேன்!

கணக்கு, போட்டோ, கடிதம் இவற்றை மட்டும் வேறொரு புதுப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டான். '.எக்ஸ்இ' என்று முடிகிற எதையும் தொடவில்லை; வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அவற்றில்தானாம். அம்புக்குறி போட்ட என் பழைய பென்டிரைவையும் லினக்ஸில் திறந்தான். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தன! இந்த ரக வைரஸ் நம் பொருளை அழிப்பதில்லை. ஒளித்து வைத்துவிட்டு, வாசலில் போலியை நிறுத்துகிறது. போலியை நாம் அமுக்கினால் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

வைரஸா, நானா?

பிறகுதான் விண்டோஸ் பக்கம் வந்தான். கிளம்பும்போதே இரண்டு மூன்று தடவை தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே ஒரு நீலப் பட்டியலைக் காட்டும். அதில் 'ட்ரபிள்ஷூட்' என்ற பகுதிக்குள் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோட்', பழைய நிலைக்குத் திரும்பும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' எல்லாம் இருக்கின்றன. 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸுக்கு எந்தக் கணக்கில் பதிவு செய்தோமோ, அந்தக் கணக்கில் அந்தச் சாவி பெரும்பாலும் இருக்கும். சாவி இல்லாவிட்டால் லினக்ஸாலும் உள்ளே பார்க்க முடியாது. ஆகையால் இன்றே அதைத் தேடிக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் லேப்டாப்பில் அவன் தேர்ந்தெடுத்தது, கடைசியாக வந்த புதுப்பித்தலை நீக்கும் வழி. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி என் பெண்ணின் படத்தோடு திரை மலர்ந்தது!

"அத்தை, லேப்டாப்பைப் படுக்க வெச்சது வைரஸ் இல்லை. அப்டேட் பாதியில ஓடும்போது ஸ்விட்சை அணைச்சீங்களே, அதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. வைரஸ் உள்ளே இருந்தது உண்மை. இணையத்தைத் துண்டித்துவிட்டு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓடவிட்டதில் அகப்பட்டுக்கொண்டது. ஆனால் அது செய்ததைவிட, பயத்தில் நான் செய்ததுதான் பெரிய சேதம்.

பயப்படக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்ற வைரஸ், பிளாப்பி டிஸ்க்கில் கம்ப்யூட்டர் கிளம்புகிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. 1999 ஏப்ரல் 26-ல் 'செர்னோபில்' என்று பேர் வாங்கிய வைரஸ், கம்ப்யூட்டரை எழுப்பும் சில்லையே அழித்து, பல இடங்களில் எழுந்திருக்க முடியாமல் செய்தது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

ஆனால் 2024 ஜூலை 19-ல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் வைரஸ் இல்லை. பாதுகாப்புக்காகப் போட்டிருந்த 'கிரவுட்ஸ்டிரைக்' மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பித்தல்! கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றாலே வைரஸ் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அதற்குப் பிறகு எத்தனையோ ஏழை வீடுகளில் லேப்டாப் வந்துவிட்டது. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது என் வீட்டில்...

* கணக்கை வெள்ளிக்கிழமைதோறும், வீடு துடைத்து விளக்கேற்றுவதற்கு முன், தனிப் பென்டிரைவில் நகல் எடுத்துவிடுகிறேன். எடுத்ததும் அது பீரோவுக்குள் போய்விடும். எந்தக் கடைக்கும் போகாது.

* அச்செடுக்கக் கடைக்குப் போக வேறொரு பென்டிரைவ். திரும்பி வந்ததும் முதலில் ஸ்கேன், பிறகுதான் திறப்பது.

* 'அணைக்காதீர்கள்' என்று வந்தால், சமையலைக் கவனிக்கப் போய்விடுகிறேன். தானே முடித்துக்கொள்ளும்.

* வைரஸ் வந்து போனால், பேங்க், ஈ-மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு ஃபோன் செய்ய வேண்டும்.

* ஃபார்மட் என்று யார் சொன்னாலும், "உள்ளே இருப்பதை முதலில் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் பூக்கார அக்காவின் கணக்கை வரி வரியாகப் படித்தேன். 12,000 ரூபாயும் சரியாக இருந்தது. அவள் முகம் தெளிந்தது. ஆனாலும் இடுப்பிலிருந்த பாஸ் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பொட்டியில இருக்கட்டும்மா, வேணாங்கல. இதுலயும் எழுதிக் குடு."

அன்றைக்கே 14 பேர் புத்தகத்திலும் உட்கார்ந்து எழுதி முடித்தேன். கை வலித்தது, மனசு லேசாக இருந்தது.