கொலையின் சுமை யார் தோளில்?

பெரும்பாலான போர்த் திரைப்படங்கள் எதிரி வீழும் கணத்தில் நம்மைக் கைதட்ட வைக்கின்றன. ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷியின் ‘மானுட நிலை’ அத்தகையதன்று. 1959 முதல் 1961 வரை மூன்று பாகங்களாக வெளிவந்து, ஒன்பதரை மணி நேரம் நீளும் இப்படம், கொல்பவனுக்குள் எது செத்துப்போகிறது என்று கேட்கிறது. இது ஜூன்பெய் கோமிகவாவின் நாவலைத் தழுவியது. கோபயாஷியே மஞ்சூரியாவில் சிப்பாயாக இருந்தவர். அதிகாரியாக உயர மறுத்தவர்.

ஜப்பான் ஆக்கிரமித்திருந்த மஞ்சூரியாவே கதைக்களம். தொழிலாளரைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று வாதிடும் காஜி, தன் கொள்கையைச் செயல்படுத்த ஒரு சுரங்கத்திற்கு அனுப்பப்படுகிறான். அதற்கு ஈடாக அவனுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு கிடைக்கிறது. மின்வேலிக்குள் அடைக்கப்பட்ட சீனக் கைதிகள் அவன் பொறுப்பில் விடப்படுகிறார்கள். அவர்களின் உணவுக்காக வாதிட அவனால் முடிகிறது. வேலியை அகற்ற முடியவில்லை. தப்ப முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. மூவரின் தலைகள் வெட்டப்பட்ட பிறகே காஜி குறுக்கிடுகிறான். கைதிகள் ஒன்றுதிரண்டு குரல் எழுப்ப, கொலை நிற்கிறது. காஜியோ சித்திரவதைக்கு ஆளாகிப் படையில் சேர்க்கப்படுகிறான்.

இரண்டாம் பாகம் படைமுகாமில் நிகழ்கிறது. மூத்த சிப்பாய்கள் புதியவர்களை அடித்து இழிவுபடுத்துகிறார்கள். தாங்க இயலாத ஒபாரா என்பவன் தன்னை மாய்த்துக்கொள்கிறான். நேற்று அடி வாங்கியவனுக்கு இன்று அடிக்கும் உரிமை கிடைக்கிறது. அண்ணல் அம்பேத்கர் விளக்கிய ‘படிநிலைச் சமத்துவமின்மை’ நம் நினைவுக்கு வருகிறது. சாதி பிறப்போடு பிணைக்கப்பட்டது, படைத் தரவரிசை அவ்வாறன்று, இரண்டும் ஒன்றாகா. எனினும் ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவனை நிறுத்தி, மேலிருப்பவர்மீது எழ வேண்டிய சினத்தைக் கீழ்நோக்கித் திருப்பும் உத்தி இரண்டிலும் உண்டு.

மூன்றாம் பாகத்தில், 1945இல் ஜப்பானியப் படை சிதறிய பின் ஆணையிட அதிகாரி எவருமில்லை. ஆயினும் காஜி கொல்கிறான். உயிர் பிழைக்கச் சோவியத் காவலன் ஒருவனைக் கொல்கிறான். பின்னர் கைதிமுகாமில், இளம் சிப்பாயின் சாவுக்குக் காரணமான கிரிஹாராவைச் சங்கிலியால் அடித்தே கொல்கிறான். அச்சினம் நமக்குப் புரிகிறது. ஆனால் படம் அதைக் கொண்டாடவில்லை. தான் வெறுத்த வன்முறை தன் கைகளிலேயே குடியேறிவிட்டதை அறிந்தவனாக, மனைவியைத் தேடி நடந்து, பனியில் விழுந்து மடிகிறான். இப்போரைத் தொடங்கிவைத்தவர்கள் அச்சுமையைச் சுமப்பதை நாம் எங்கும் காண்பதில்லை.

நம்மில் பலர் நாளை காவல்துறையிலும் ஆட்சிப் பணியிலும் பொறுப்பேற்கவிருக்கிறோம். அந்த இடங்களை விட்டுக்கொடுக்க முடியாது. அவை போராடிப் பெற்ற உரிமை. ஆனால் நல்லவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தால் அமைப்பு தானே திருந்திவிடும் என்ற நம்பிக்கையைக் காஜியின் வாழ்வு தகர்க்கிறது. நால்வரின் உயிரைக் காத்தது அவனுடைய இரக்கம் மட்டுமன்று. வேலிக்குள் இருந்தவர்களின் கூட்டுக்குரலும்தான். பதவி ஏற்கும் நாளுக்கு முன்பே நாம் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்த ஆணைக்குப் பணிய மறுப்போம், அப்போது எவரோடு சேர்ந்து நிற்போம்.