வண்ணங்களின் பின்னே – 9: ஒலிம்பியாவின் வெள்ளை

பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் ‘ஒலிம்பியா’ இருக்கிறது. 1863-ல் எதுவார் மானே தீட்டியது. 190 சென்டிமீட்டர் அகலம், 130 உயரம். விரிப்பு, தலையணை, அதில் சாய்ந்திருக்கும் நிர்வாணப் பெண் என்று படத்தின் பெரும்பகுதியை வெளிர்நிறமே நிறைத்திருக்கிறது. 1865-ல் சலோன் கண்காட்சிக்கு வந்தபோது, பிணத்தின் நிறம் என்று விமர்சகர்கள் ஏசினார்கள். கூட்டம் கொந்தளிக்கவே, படத்தைக் கதவுக்கு மேலே உயரத்தில் கொண்டுபோய் மாட்டினார்கள். இந்தச் சண்டை பலரும் எழுதியதுதான். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதை எழுதியவர்கள் குறைவு.

அது ஈய வெள்ளை. மண் கலயத்தின் அடியில் காடி ஊற்றி, அதன்மேல் காரீயத் தகட்டைச் சுருட்டி வைப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான கலயங்களை அடுக்கடுக்காக வைத்து, சுற்றிலும் குதிரை லத்தியையோ தோல் பதனிடப் பயன்பட்ட மரப்பட்டையையோ நிரப்பி அறையை அடைத்துவிடுவார்கள். லத்தி புளித்துச் சூடேறும். கரியமில வாயு கிளம்பும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடந்த தகட்டின்மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். அதைத் தட்டி உதிர்த்து, கழுவி, அரைத்து, உலர்த்தினால் ஈய வெள்ளை.

தட்டும்போதும் உலர்ந்ததை அள்ளும்போதும் கிளம்பிய தூசுதான் ஆளைக் கொன்றது. பிரான்சில் லீல் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. தூசை முகர்ந்த தொழிலாளிகளுக்கு வந்தவை இவை: குடலைப் பிடித்து முறுக்கும் வயிற்றுவலி, ஈறில் கருநீலக் கோடு, தூக்க முடியாமல் தொங்கிப்போன மணிக்கட்டு, கடைசியில் வலிப்பு. 1839-லேயே தாங்க்ரல் தெ பிளான்ஷ் என்ற மருத்துவர் ஈய நோய்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதிவிட்டார். விஷம் என்று தெரிந்தேதான் தொழில் நடந்தது.

மாற்று இல்லாமல் இல்லை. சுவருக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரரான லெக்லேர், தன் ஆட்களைக் காப்பதற்காக 1840-களிலேயே துத்தநாக வெள்ளையைக் கொண்டுவந்தார். ஓவியர்களுக்கோ ஈய வெள்ளைதான் கைக்கு இணங்கியது. சீக்கிரம் காயும், அடியில் இருப்பதை மறைக்கும், எளிதில் வெடிக்காது. 1921-ல் ஜெனீவாவில் ஈய வெள்ளைக்குக் கட்டுப்பாடு விதித்த சர்வதேச உடன்படிக்கைகூடக் கலை ஓவியத்துக்கு விலக்கு கொடுத்தது. அந்த விலக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. சித்திரத்துக்கென்று தட்டினாலும் சுவருக்கென்று தட்டினாலும் தூசு ஒன்றுதான்.

இனி, படத்தில் இருப்பவர்கள். படுத்திருப்பவர் விக்தோரீன் மெரான், அப்போது வயது சுமார் பத்தொன்பது. மேலுடம்பைச் சற்று நிமிர்த்தி, வலது முழங்கையைத் தலையணையில் ஊன்றியிருக்கிறார். தலைக்கு முட்டு இல்லை. இடது கையை அசைக்கக்கூடாது, பார்வை நேரே இருக்க வேண்டும். நீங்களே கட்டிலில் இப்படிச் சாய்ந்து பாருங்கள். சற்று நேரத்தில் தோள்பட்டை வலிக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, மனம் ஒப்பாவிட்டால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டுகிறவர் மானே. பூச்செண்டு ஏந்தி நிற்கும் கறுப்பினப் பெண்ணின் பெயர் லோர். மானேயின் குறிப்பேட்டில் அவருடைய முகவரி இருக்கிறது: வான்தீமில் தெரு, 11-ஆம் எண்.

விக்தோரீனும் ஓவியர். 1876 சலோனில் அவர் படம் தேர்வானது. அதே ஆண்டு மானேயின் படங்களைத் தேர்வுக்குழு நிராகரித்தது. 1883-ல் மானே இறந்ததும், தனக்கு உதவுவதாக அவர் கொடுத்திருந்த வாக்கை நினைவூட்டி, உதவி கேட்டு விக்தோரீன் மானேயின் மனைவிக்குக் கடிதம் எழுதினார். உதவி கிடைத்ததற்குச் சான்று இல்லை. 1890-ல் ஓவியர் மோனே முன்நின்று நன்கொடையாகச் சுமார் 20,000 ஃபிராங்க் திரட்டி, அதே மனைவியிடமிருந்து ‘ஒலிம்பியா’வை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். விக்தோரீன் 1927 வரை வாழ்ந்தார். அவர் தீட்டியவற்றில் மிஞ்சியதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)