மழைக்காலத்துக்குக் கீரைச் சூப்பும் பாலில்லா ரொட்டியும்



நம் ஊரில் பனிக்காலம் கிடையாது. ஆனால் நவம்பரில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் பாசிர் கூடாங் பக்கம் விடாத மழைதான். மழை நாளில் வேலை குறையும், சம்பளம் குறையும். அப்போது வீட்டில் முதலில் குறைவது காய்கறி. கடை ரொட்டியும் டின் பால் தேநீருமே பிள்ளைகளுக்குச் சாப்பாடாகி விடுகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை அழைத்து வந்தார். "டிரசர் ஐயா, தெம்பு வரட்டும்னு தினமும் பால் குடுக்கிறேன். வயிறு உப்பிப் போவுது, பேதியாவுது" என்றார். பையனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இரத்தம் சோதித்ததில் இரத்தச் சோகை என்று தெரிந்தது.

பால் கெட்டதல்ல. ஆனால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி ஆசிய மக்களில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறக் குறைகிறது. அதனால்தான் சிலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். பாலில் இரும்புச் சத்தும் மிகக் குறைவு. இனிப்பு டின்கள் பலவற்றில் இருப்பது சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்தான். நாம் வெட்டிய குலையே டின்னில் திரும்பி வருகிறது! சத்து வேண்டுமானால் வேலியோரத்து முருங்கையைப் பாருங்கள்.

சூப்: அரைக் கப் மைசூர் பருப்பை ஆறு கப் தண்ணீரில் மஞ்சள் போட்டு வேக வையுங்கள். பருப்பு குழைந்ததும் வெங்காயம், பூண்டு, தக்காளி, ஒரு துண்டு பரங்கிக்காய் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நெத்திலி இருந்தால் ஒரு பிடி சேருங்கள், எலும்புக்கு நல்லது. கடைசியில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, தட்டிய மிளகு, சீரகம், உப்பு. ஐந்து நிமிடத்தில் இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்பு உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும்.

ரொட்டி: மூன்று கப் ஆட்டா மாவு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் உப்பு, அரைக் கப் தேங்காய்த் துருவல், இரண்டு கரண்டி எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். மாவு உப்பியதும் விரல் கனத்துக்குத் தட்டி, கனமான சட்டியில் மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் வேக விடுங்கள். அடுப்புப் பெட்டி தேவையில்லை. பாலும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்புச் சத்து வீணாகும். ஒரு மணி நேரம் போகட்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், டின் பால் கொடுக்கவே கூடாது. பேதி நிற்காவிட்டாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் சூப்பை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம், உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.

அந்தப் பையனுக்கு டாக்டர் இரும்பு மருந்து கொடுத்தார். தாய் இந்தச் சூப்பையும் ரொட்டியையும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தேன், கண்ணிமை சிவந்திருந்தது. பந்து விளையாட நேரமாகிவிட்டது என்று என்னிடம் நிற்கவே இல்லை!