தொப்பியின் வரலாறும் நம் வழக்கும்

தொண்டாமுத்தூரிலிருந்து கோவைக்குச் செல்லும் பேருந்தில் நம் மாணவர் ஒருவருடன் அண்மையில் பயணம் செய்தோம். ஏறும்போது அவர் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பி, நகரம் நெருங்கியதும் சட்டைப் பைக்குள் போயிற்று. காரணம் கேட்டோம். "தொப்பி மார்க்கமா, பழக்கமா ஹஜ்ரத்? பழக்கம்தான் என்றால் கழற்றுவதில் என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். 1998ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புக்குப் பின் இந்நகரத்தின் தெருக்களில் தொப்பியுடன் நடந்தவர்கள் மீது விழுந்த பார்வைகளை நாம் மறக்கவில்லை. ஆதலால் அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆயினும் கேள்விக்கு விடை கூறும் கடமை நம்மைச் சேர்ந்தது.

மார்க்க நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்கா வெற்றியின் நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கறுப்புத் தலைப்பாகை அணிந்து நகருக்குள் நுழைந்ததை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. சுற்றிக் கட்டுவதை அரபியர் 'இமாமா' என்றனர்; தலையோடு ஒட்டி நிற்பதைக் 'கலன்ஸுவா' என்றனர். நபித்தோழர் இரண்டையும் அணிந்தனர். அதே வேளையில், இஹ்ராம் அணிந்த ஆண் தலையை மூடவே கூடாது. இறைவனின் இல்லத்தின் முன் இலட்சக்கணக்கானோர் வெறுந்தலையுடன்தான் நிற்கின்றனர். சோம்பலால் தலை திறந்து தொழுவதை ஹனஃபி நூல்கள் மக்ரூஹ் என்கின்றன. பணிவின் காரணமாக எனில் குற்றமில்லை என்கின்றன. தொழுகை கூடாது என்று எவரும் கூறவில்லை. கடந்த சில பத்தாண்டுகளாக நம் பள்ளிவாசல்களில் இதன்பொருட்டு எழுந்த சச்சரவுகளை எண்ணும்போது, இருதரப்பாரும் கிதாபை இன்னும் சற்றுப் பொறுமையாகப் புரட்டியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

சொற்களின் பயணம் இதைவிடச் சுவையானது. 'குல்லா' என்பது பாரசீகக் 'குலாஹ்'. 'தொப்பி' இந்துஸ்தானி வழியே வந்தது. நம் கொங்கு நாட்டுக் கவுண்டர் வீட்டுத் திருமணங்களில் 'உருமால் கட்டு' என்றொரு சீர் உண்டு. அந்த உருமாலும் பாரசீகமே. 'ரூ' என்றால் முகம், 'ரூமால்' என்றால் முகம் துடைக்கும் துணி. தொப்பியை அயல்நாட்டுச் சரக்கு என்று கேலி பேசும் தோட்டக்கார நண்பர்களிடம் இதைக் கூறி, அவர்களோடு சேர்ந்து நாமும் சிரிப்பதுண்டு.

இன்னொரு செய்தி சிரிப்பதற்குரியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழில் 'தொப்பிக்காரர்' என்றால் முஸ்லிம் அல்லர், ஐரோப்பியர். இதை உணர்ந்தால்தான் வேலூர் புரட்சி விளங்கும்.

1805 நவம்பரில் சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய உடை விதியைப் பிறப்பித்தார். அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசையும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் குஞ்சம் வைத்த புதிய ஒன்று தரப்பட்டது. அத்தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற ஐயம் எழுந்தது. அதைவிட ஆழமான அச்சம் அதன் வடிவத்தில் இருந்தது. அது தொப்பி போலவே இருந்தது. இன்று தலையில் தொப்பி, நாளை நெஞ்சில் சிலுவை என்று சிப்பாய்கள் கருதினர். 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவினர் அதனை அணிய மறுத்தனர். இருபத்தொருவர் கைதாயினர். அவர்களுள் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி. மற்றப் பத்தொன்பது பேருக்கு விதிக்கப்பட்ட 500 கசையடி, மன்னிப்புக் கோரியதால் தள்ளுபடியாயிற்று. ஜூலை 10 அதிகாலையில் கோட்டை எழுந்தது. திப்புவின் குடும்பத்தார் அங்கேதான் சிறைவைக்கப்பட்டிருந்தனர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்த கில்லெஸ்பி அன்றே அதனை நசுக்கினார். சில நூறு சிப்பாய்கள் மடிந்தனர். ஆனால் தலைப்பாகை விதி திரும்பப் பெறப்பட்டது. 1807இல் கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஒருவர் திருநீற்றுக்காகவும் மற்றவர் தாடிக்காகவும் நின்ற அந்த வரிசையை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு கற்பிக்கவில்லை என்பது நம் நெடுநாள் குறை.

துருக்கித் தொப்பியின் கதை வேறுவகை. உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் அதிகாரிகளுக்கு ஃபெஸ் தொப்பியை விதித்தபோது, தலைப்பாகையை ஒழிக்க வந்த புதுமையாகவே பலர் அதனைக் கண்டனர். நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதுவே இஸ்லாமியச் சின்னமாகிவிட்டது. இலங்கையில் அது பெருவழக்காவதற்கு, 1883இல் அங்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தின் உராபி பாஷாவும் ஒரு காரணம். 1905 மே 2 அன்று கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் தோன்றியதைத் தலைமை நீதிபதி லேயார்டு ஆட்சேபித்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினர். இறுதியில் அவ்வுரிமை கிட்டியது. இருபது ஆண்டு கழித்து, 1925 நவம்பர் 25 அன்று, துருக்கியிலேயே அத்தொப்பி தடைசெய்யப்பட்டு ஐரோப்பியத் தொப்பி சட்டமாயிற்று. அத்தகைய தொப்பியைக் கண்டித்து முந்தைய ஆண்டே நூல் எழுதியிருந்த இஸ்கிலிப்லி ஆத்திஃப் ஹோஜா 1926இல் தூக்கிலிடப்பட்டார்.

இதே ஐரோப்பியத் தொப்பியைப் பற்றி 1903இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த வினாவுக்கு எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹு, மார்க்கத்தை விட்டு விலகும் எண்ணமின்றி அணிந்தால் குற்றமில்லை என்று ஃபத்வா அளித்தார். அவர் தொப்பியைப் பார்க்கவில்லை. அணிபவரின் எண்ணத்தைப் பார்த்தார். நம் மாணவருக்கும் இதையே கூறினோம்: "வெயிலுக்காகவோ வசதிக்காகவோ நீர் கழற்றினால் நாம் ஒன்றும் சொல்லோம். பிறர் பார்வைக்கு அஞ்சிக் கழற்றினால், அப்போது கழற்றியது உம் கை அன்று."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. உக்கடத்தில் இறங்கி லுஹர் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தோம். வாசலில் வந்தவர்க்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொப்பிக் கூடை இருந்தது. எத்தனையோ தலைகளின் வியர்வை கண்டு ஓரம் கிழிந்த ஒன்றை யாரோ எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த நம் மாணவர் முகம் சுளித்து, தம் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து உதறினார்.